நீலக் குருணை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சோப்பு. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள், கடைசியில் போனை எடுத்தால் அவரே "சோப்பு பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. காரணம் இல்லாமல் இல்லை. காலையில் வந்ததும் நாற்காலியை ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்து, அந்த இரண்டு துணிகளையும் அலசி ஜன்னலில் காயப்போட்ட பிறகுதான் உட்காருவார். யாராவது எச்சில் தொட்டுக் கோப்பைப் புரட்டியதைப் பார்த்துவிட்டால், அந்தக் கோப்பு அவர் மேஜையில் இருக்கும்வரை ஸ்கேலால்தான் பக்கம் திருப்புவார். "எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்பவே தம்ளர் விளிம்பைக் கர்சீப்பால துடைச்ச மனுஷன். அன்னைக்கே நான் உஷாராகியிருக்கணும்" என்று அவர் மனைவி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் பல்லி எண்ண அனுப்பினார்கள்.

துறையில் ஒரு விதி உண்டு. எந்தக் கள ஆய்வாக இருந்தாலும், அன்றன்றைய பதிவேட்டுப் பக்கத்தில் அலுவலக ஆள் ஒருவர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாகப் போகிறவர் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இணை இயக்குநர் சோப்புவைக் கூப்பிட்டார். இணை இயக்குநரை எல்லோரும் சுருக்கமாக ஜேடி என்பார்கள்.

"பத்தே நாள்யா. கடல் காத்து வாங்கிக்கிட்டுச் சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வா."

"சார், எனக்குப் பல்லின்னாலே..."

"பல்லிக்கும் உன்னைப் பிடிக்காதுய்யா. போய்ட்டு வா."

மனைவி பதினோரு சோப்புக் கட்டி எடுத்து வைத்தாள். பத்து நாளைக்குப் பத்து, சந்தேகத்துக்கு ஒன்று.

தீவுக்கு மூன்று மணி நேரப் படகுப் பயணம். மூன்று மணி நேரமும் அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். தங்கும் இடம் பழைய கலங்கரை விளக்கக்காரர்கள் இருந்த குடியிருப்பு. இரண்டு அறை, தகரக் கூரை, மழைத் தண்ணீர்த் தொட்டி. விளக்கு தானாக எரியத் தொடங்கியதிலிருந்து அங்கே மனிதர் யாரும் இல்லை. சுவரில் ஒன்பது பல்லிகள் இருந்தன. பையைக் கீழே வைக்கும் முன் எண்ணிவிட்டார். மேஜை, கட்டில், ஜன்னல் கட்டை என்று எங்கே பார்த்தாலும் எச்சம், கறுப்பாக, நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு. முதல் நாள் சாப்பாட்டுத் தட்டிலேயே ஒன்று வந்து விழுந்தது. தட்டை அப்படியே எடுத்துப் போய் வெளியே கொட்டிவிட்டு ஆறு பிஸ்கட்டோடு படுத்துக்கொண்டார்.

ஆய்வு செய்ய வந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். ஒட்ட வெட்டிய முடி, நகக்கண்ணெல்லாம் மண். படகுக்காரர் அவளை அரணையம்மா என்றுதான் கூப்பிட்டார்; அவளும் அதற்கு "என்னண்ணே" என்று பதில் கொடுத்தாள். தீவு முழுக்க நாற்பது இடங்களில் பிளாஸ்டிக் வாளிகளை மண்மட்டத்துக்குப் புதைத்திருந்தாள். வாளிக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் வேலி. ஓடிவரும் அரணை வேலியில் முட்டி, ஓரமாகவே போய், வாளிக்குள் விழும். காலையில் போய் ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, இனம் பார்த்து, எழுதி, விட்டுவிட வேண்டும்.

அவள் வேலை செய்வதைச் சோப்பு எட்ட நின்றேதான் பார்த்தார். அரணை போட்ட துணிப்பையைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பதிவேட்டைப் பிடித்து மறு கையால் எழுதினாள். வாளியில் அரணையோடு கரப்பான், மரவட்டை, அழுகிய நண்டு எல்லாம் கிடக்கும். வெறுங்கையை விட்டுத் துழாவினாள். லென்ஸில் தூசி பட்டால் நாக்கால் நக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அதே கையால் பிஸ்கட்டும் எடுத்து நீட்டினாள்.

"வேணாம் மேடம். பசியில்லை."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க சார்."

அந்தத் தீவில் முக்கியமானது கோடன் என்று அவள் பெயர் வைத்திருந்த ஒரு அரணை. விரல் நீளம், பழுப்பு முதுகு, மூக்கிலிருந்து வால்வரை மஞ்சளாக ஒரே ஒரு கோடு. சாதா அரணைக்கும் சில நேரம் கோடு இருக்கும் என்பதால், கோடனைக் கண்ணை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். சாதா அரணையின் கீழ் இமை வெறும் செதில். கோடனுக்கு அந்த இமையில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டே பார்க்கும்.

"இந்தத் தீவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது சார்."

"அதுக்கு நான் என்ன மேடம் பண்ணணும்?"

"ஸ்கேலைப் பிடிங்க."

பிடித்தார். இரண்டாம் நாள் ஒரு கோடன் அவள் பிடியிலிருந்து துள்ளி அவர் சட்டைப் பைக்குள் விழுந்தது. அவள் எடுத்ததில் உடம்பு வந்தது, வால் வரவில்லை. அது பைக்குள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. சோப்பு சட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் பனியனோடு குடியிருப்பு வரைக்கும் ஓடினார். அன்றைக்கு மட்டும் இரண்டு சோப்புக் கட்டி தீர்ந்தது. படகுத்துறைப் பாறையில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மனைவியிடம் சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

நான்காம் நாள் காலை, ஏழாவது வாளியில் மூன்று கோடன் செத்துக் கிடந்தன. வயிறு ஊதி, வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "எறும்பு கடிச்சா இப்படி ஆகாதே" என்றாள். பதினோராவது வாளியில் ஐந்து. வாளிக்கு வெளியேயும் கிடந்தன. சருகுக்கடியில், வேர் இடுக்கில், பாறை நிழலில் எல்லாம். அடுத்த நாள் வாளியைத் தேடவே தேவையில்லை; நாற்றம் வழி காட்டியது. காற்று திரும்பியபோது குடியிருப்புக்குள்ளேயே முடை நாற்றம் வந்தது. தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு கூடை அளவுக்குக் குவியலாகச் செத்துக் கிடந்தன. நிழல் தேடி வந்திருக்கும் போல. குவியல் மெல்ல அசைந்தது. புழு. சோப்பு வெளியே ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததை எல்லாம் கக்கினார். வெறும் பித்தநீர் வரும்வரை நிற்கவில்லை.

அவள் ஒன்றை எடுத்துப் பிளேடால் வயிற்றைக் கீறினாள். குடல் நீலமாக இருந்தது. இன்னொன்றைக் கீறினாள். அதுவும் நீலம்.

"இங்க பாருங்க சார்." புதர் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினாள். மண்ணுக்குள் நீல நிறத்தில் குருணை குருணையாக ஏதோ. "எலி மருந்து. யாரோ விதை தூவற மாதிரித் தூவியிருக்காங்க. கரப்பான் தின்னிருக்கு, கரப்பானைக் கோடன் தின்னிருக்கு. நேரடியாவும் தின்னிருக்கும்."

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கதவைத் தள்ளினால் உள்ளே காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொரு சாக்கிலும் அவர்கள் துறையின் முத்திரை. பக்கத்தில் மருந்தை உள்ளே வைத்து மூட வேண்டிய பெட்டிகள், எலி மட்டும் நுழையும் அளவு ஓட்டை போட்டவை, கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

சோப்புவுக்கு அந்தப் பெட்டிகளைத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை, கோப்பில் தெரியும். தீவில் எலி ஒழிக்கும் வேலை போன மாதம்தான் ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்பட்டது. மருந்தைப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும், அதை அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 'தீவுக்குச் சென்று ஆய்வு செய்தேன், இருநூறு பெட்டிகளும் முறைப்படி வைக்கப்பட்டுள்ளன' என்று ஜேடி எழுதிய குறிப்பு அவர் மேஜைக்கு வந்தது. இணைப்புகள் சரி என்று பார்த்துச் சுருக்கொப்பம் போட வேண்டியது அவர் வேலை. போட்டார்.

ஆய்வு செய்ததாக ஜேடி போட்ட தேதியும் அவருக்கு நினைவிருந்தது. அன்று ஜேடிக்குப் பிறந்தநாள். காலை முதல் மாலைவரை அலுவலகத்தில்தான் இருந்தார். ஒரே கத்தியை நக்கி நக்கிக் கேக் வெட்டி, எல்லோர் வாயிலும் தன் கையாலேயே ஊட்டினார். சோப்புவின் வாயில் திணித்தபோது அவர் விரல் நாக்கில் பட்டது. சோப்பு கழிவறைக்குப் போய் நான்கு தரம் வாய் கொப்பளித்தார். தேதி மறக்குமா? குறிப்பைப் பார்த்த அன்றே பொய் என்று தெரிந்தது. நமக்கென்ன, மேலதிகாரி எழுதியது என்று பேனாவை எடுத்தார். அவ்வளவுதான் யோசித்தார்.

அன்று சாயங்காலம் அதை அவளிடம் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொட்டகை வாசலில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"மருந்தை இப்படிக் கொட்டியிருப்பாங்கன்னு தெரியாது மேடம். ஆனா அவர் வரலைன்னு தெரியும்."

அவள் அவரைத் திட்டவில்லை. பெஞ்சை விட்டு எழுந்து, நாலு எட்டுத் தள்ளிப் போய், தரையில் உட்கார்ந்தாள். எழும்போது, அவர் முழங்கை பட்ட இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அந்த அசைவை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் அவர் செய்துவந்ததுதான் அது. அடுத்த ஆள் தனக்கு அதைச் செய்வது இதுவே முதல் தடவை. அவருக்குத் தன் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

இருட்டிய பிறகு அங்கிருந்தபடியே அவள் பேசினாள்.

"செத்துப்போச்சுன்னு போய்ச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எத்தனை, எது எந்த இனம், எந்த இடத்துல கிடந்துச்சு, ஒவ்வொண்ணா எழுதணும். நாளைக்குக் காலையிலேருந்து பொறுக்கணும்."

மறுநாள் காலை, உடைந்த வாளி ஒன்றை இழுக்கும்போது விளிம்பு அவள் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆழமான வெட்டு. துணி சுற்றிக் கட்டிய பிறகும் ரத்தம் கசிந்தது. அந்தக் கையோடு அழுகிய உடம்புகளைத் தொட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் இடது கையை மண்ணில் ஓங்கிக் குத்தினாள்.

"நான் பொறுக்கறேன்" என்றார் சோப்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களால முடியாது சார்."

"முடியாதுதான்" என்றார்.

பன்னிரண்டு ஜோடிக் கையுறை இருந்தது. முள்ளும் பாறையும் கிழித்ததில் ஒன்றரை நாளில் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் வெறுங்கைதான். முதலில் விரல் நுனியால் வாலைத் தூக்கிப் பார்த்தார். வால் மட்டும் கையோடு வந்தது. உடம்பைப் பிடித்தால் தோல் கழன்று விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. நாள்பட்டதில் கோடு தெரியாது, நிறம் தெரியாது, எல்லாம் ஒரே கறுப்புக் கூழ். அப்போது கண்ணைத்தான் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் தலையை அழுத்தி, புழுவை ஊதித் தள்ளி, இமையை ஊசியால் இழுத்து, லென்ஸ் வழியாகப் பார்ப்பார்.

"ஜன்னல் இருக்கு."

"கோடன்" என்பாள் அவள், எட்ட உட்கார்ந்து. "அடுத்தது?"

ஊதும்போது ஒரு புழு உதட்டில் ஒட்டியது. துப்பினார், கக்கினார், வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அவள் இடது கையால் எழுதியது கோழி கிளறிய மாதிரி இருந்ததால், மதியத்துக்கு மேல் எழுதுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். அந்தக் கையோடுதான் பேனா பிடித்தார். பதிவேட்டில் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை படிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நீலக் குருணையைச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து ஒட்டினார். கீழே முழுக் கையெழுத்து; சுருக்கொப்பம் போடவில்லை.

சோப்புக் கட்டி ஏழாம் நாளே தீர்ந்தது. எட்டாம் நாள் மாலை எண்ணி முடித்தார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் கோடன் முந்நூற்று எண்பத்தெட்டு. நாற்பது வாளியிலும் அந்த மூன்று நாளில் உயிரோடு விழுந்த கோடன் ஒன்றுகூட இல்லை. அவள் பாறைமேல் ஏறி நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். அங்கிருந்து ஜேடிக்குத் தகவல் போனது.

ஒன்பதாம் நாள் ஜேடி வந்தார். படகுத்துறையைத் தாண்டி ஒரு எட்டு வைக்கவில்லை. சென்ட் தெளித்த கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இப்படி நாறுது? சரி, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. வெயில்ல செத்துப்போச்சுன்னு எழுதிடு."

"நான் எழுத மாட்டேன் சார்."

"நீ எழுத வேணாம். கையெழுத்து நம்ம ஆளோடது. யோவ் சோப்பு, பதிவேட்டைக் குடு. நானே எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக்கறேன்."

சோப்பு உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து நீட்டினார். அட்டை ஈரத்தில் உப்பியிருந்தது. பக்கங்களுக்கு நடுவே நசுங்கிய புழு வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது. நீட்டிய கையின் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஜேடியின் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"யோவ்! என்னய்யா இது, கருமம்... ஒரு பையில போட்டுக் குடுய்யா."

"பையெல்லாம் தீர்ந்துபோச்சு சார். எல்லாத்துலயும் அரணை இருக்கு. அந்தப் பையிலயே சேர்த்துப் போட்டுத் தரட்டுமா?"

ஒரு பையைத் தூக்கியும் காட்டினார். உள்ளே நீர் தளும்பியது. ஜேடி திரும்பி, படகுத்துறைக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கடலில் வாந்தி எடுத்தார். படகுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது.

"நீயே கொண்டு வா" என்றார் ஜேடி, வாயைத் துடைத்தபடி. "திங்கக்கிழமை காலையில நேரா என் மேஜைக்கு வரணும். வேற எங்கயும் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

திங்கட்கிழமை காலையில் சோப்பு நேராகத் தலைமை அலுவலகத்துத் தபால் பிரிவுக்குப் போனார். முப்பது வருஷம் கோப்புகளோடு கிடந்தவருக்கு ஒன்று தெரியும். வரவு எண் ஏறிய காகிதத்தைத் தொலைக்க ஒரு ஆள் போதாது, பத்துப் பேர் கூட வேண்டும். தபால் பிரிவு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே முத்திரை குத்தினாள்.

"செத்த எலி ஏதாவது உள்ள இருக்காண்ணே?"

"எலி இல்லம்மா. வரவு எண்ணைக் கொஞ்சம் தெளிவாப் போடு."

பிரதி மூன்று எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றை ஜேடி மேஜையில் கொண்டுபோய் வைத்தார். "இதுல நாத்தம் இல்ல சார், தைரியமாத் தொடுங்க" என்றார். ஜேடி முதல் பக்கத்து மூலையில் இருந்த வரவு எண்ணைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சொன்ன வார்த்தைகளைச் சோப்பு வீட்டில்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. சோப்பு தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அன்று அதிகாரி தீவுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சுருக்கொப்பமிட்டேன் என்று. அதற்கு அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. ஒப்பந்தக்காரரை ஒரு வருஷம் ஒதுக்கி வைத்தார்கள். ஜேடியை வேறு துறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை, தனிக் கழிவறையோடு. அந்தச் செய்தியைக் கேட்ட நாளில் சோப்பு மதியம் சாப்பிடவில்லை.

தீவிலிருந்து வந்த பிறகு அவர் கையால் சாப்பிடுவதில்லை, ஸ்பூன்தான். எத்தனை தேய்த்தாலும் விரலில் அந்த வாடை இருக்கிறது என்பார். மனைவி கையைப் பிடித்து மோந்து பார்த்து, "ஒண்ணுமே இல்லைங்க, சோப்பு வாசனைதான் வருது" என்பாள். அவர் நம்புவதில்லை. முன்பெல்லாம் இதற்கு அவள் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பதில்லை, பேசாமல் தட்டோடு ஸ்பூனையும் வைத்துவிடுகிறாள்.

அடுத்த வருஷம் ஆய்வு முடிந்து அரணையம்மா அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள்.

"பத்து நாள்ல ஏழு கோடன் சார். தெற்குப் பாறைப் பக்கம் மட்டும்தான். மருந்து அங்க எட்டலை போல."

"ஏழுதானா?"

"ஏழு. அதுல ரெண்டு குஞ்சு." பிறகு அவளே சொன்னாள்: "இந்தத் தடவை கையெழுத்துப் போட வந்தவர் படகுத்துறையிலயே உட்கார்ந்துட்டார் சார். பத்து நாளும். அடுத்த தடவை நீங்க வர்றீங்களா?"

"வர மாட்டேன் மேடம். அதுங்களை நினைச்சாலே எனக்கு இன்னமும் குமட்டுது."

"தெரியும் சார்."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"படகு எந்த மாசம்?" என்று கேட்டார் சோப்பு.